பதினான்காம் வண்டி

ஜூன் 2, திங்கள்

காலை பத்தரை மணிக்குக் கிணத்துக்கடவிலிருந்து ஒரு பிக்கப் வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். மின்சார வண்டி. வெள்ளை நிறம் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. பார்வைக்குச் செம்மண் நிறம். உரிமையாளர் செல்லமுத்து, நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். தென்னங்கன்றும் மாங்கன்றும் ஏற்றிப் போன வண்டி, மூன்று வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பேட்டரி செத்துப்போச்சு என்றார்.

"கோயமுத்தூர்ல நாலு பேர்த்துகிட்டக் கேட்டனுங்க. தொட மாட்டேங்கிறாங்க. நாலு பேரும் சுந்தராபுரத்துல பூங்கோதைன்னு ஒரு அம்மணி இருக்குது, அங்க போங்கன்னுட்டாங்க."

எதற்காக என் பெயரைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

கதவுச் சட்டத்தில் இருந்த தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நித்திலா மோட்டார்ஸ். வண்டி எண் 14. அந்தக் கம்பெனி மூடி நாலு வருடமாகிறது. அங்கே நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இதையும் செல்லமுத்துவிடம் சொல்லவில்லை. ஆடி பிறப்பதற்குள் ஓட வேண்டும், நடவுக்குக் கன்று போகிற நேரம் என்றார். சரி என்றேன்.

வேலைக் குறிப்பை அன்றன்றே எழுதிவிடுவது என் வழக்கம். ஞாபகத்தை நம்பி ஒரு தடவை பட்டது போதும்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டார். பதினாலு என்றேன். இன்னொரு தோசை ஊற்றப் போனேன், வேண்டாம் என்று எழுந்துவிட்டார். வயிறு சரியில்லையாம்.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு இன்வெர்ட்டர், ஒரு ஸ்கூட்டர் சார்ஜர். வண்டிப் பக்கம் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

போனேன். சீட்டைத் தூக்கினால் கீழே எலிக் குடும்பம் வாழ்ந்த அடையாளம். வயர்களைக் கடித்துக் குதறி, பஞ்சையும் இழுத்துப் போட்டிருக்கிறது. அந்தப் பகுதி வயரிங் முழுவதையும் அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். முன்சக்கரம் ஒன்றில் பிரேக் ஆயில் கசிவு. மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றுகிறது. மோட்டார் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் வேலைதான்.

மத்தியானம் அவர் வந்தார். என் பட்டறைக்கு அவர் வந்து ஒரு வருடம் இருக்கும். பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் மேலாளர், சாப்பாட்டு நேரத்தில் இவ்வளவு தூரம் வருகிறவர் இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் வராமல் வாசலிலேயே நின்றார்.

"பேட்டரி பேக்கைத் திறந்துட்டியா?"

இன்னும் இல்லை என்றேன். திறக்காதே, பழைய லித்தியம், எதற்கு ஆபத்து, மூடினது மூடினபடியே கழற்றிப் பழைய சாமான்காரனிடம் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடு என்றார். புதிய செல்களை இந்தப் பெட்டிக்குள்தான் அடுக்க வேண்டும், இதன் அளவில் வேறு பெட்டி எங்கும் கிடைக்காது என்றேன். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்மேல் அவருக்கு எப்போதும் அக்கறை உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பட்டறை இல்லை. துணி துவைத்தேன், அரிசியில் பூச்சி பார்த்தேன். மனம் மட்டும் வண்டியில் இருக்கிறது. அதனால் அந்த விஷயத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

2018 ஏப்ரலில் நித்திலாவின் பன்னிரண்டாம் வண்டி பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தீப்பிடித்தது. சார்ஜில் போட்டிருந்த வண்டி. டிரைவர் ரத்தினசாமி சார்ஜர் வயரைப் பிடுங்கப் போனார். வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. விரல்கள் மூன்று போய்விட்டன.

பேட்டரிக்குள் போகிற ஒவ்வொரு செல்லையும் எடை போட்டு, அளந்து, நல்லது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. எரிந்துபோன பேட்டரியில் மிஞ்சியிருந்தவை மட்டமான செல்கள் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த வண்டியின் சோதனைத் தாளில் என் கையெழுத்து இருந்தது. நான் நன்றாகச் சோதித்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் அது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். நான் சரியாகத் தூங்காத மாதம்.

"நீ அப்ப ரொம்பக் களைச்சிருந்தே கோதை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்பே. வேணும்னு பண்ணலையே, விடு" என்று அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். அவர் அங்கே உற்பத்திப் பொறுப்பாளர், எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்த்தவர். இரண்டு வாரம் அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதே எனக்கும் ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. மேசை, பேனா, தூக்கக் கலக்கம் எல்லாம். அறிக்கையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை.

ரத்தினசாமியை நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஜூன் 9, திங்கள்

வயரிங் பாதி முடிந்தது. இருபத்துநாலு புது செல்லுக்குச் சொல்லியிருக்கிறேன். லாரி பார்சலில் அடுத்த வாரம் வரும்.

ஜூன் 11, புதன்

பேக்கைக் கீழே இறக்கித் திறந்தேன்.

மூடியில் பதினாறு போல்ட். இறுக்கி முடித்த பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் நான் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பேன். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். கோடுகள் நேராகத்தான் இருந்தன. ஆனால் என் பெயின்ட் மாம்பழ மஞ்சள். இது எலுமிச்சை மஞ்சள். ஒரு போல்ட்டில் மட்டும், கோட்டுக்கு அடியில் கொஞ்சம் தள்ளி, பழைய மாம்பழ மஞ்சள் துளியூண்டு தெரிந்தது.

உள்ளே இருபத்துநாலு செல். நீல உறை. பார்வைக்கு நாங்கள் வாங்கியதுதான். ஒன்று உப்பியிருந்தது. அதன் நீல உறை வெடித்து, உள்ளே இன்னொரு உறை தெரிந்தது, பச்சை. பச்சை உறைமேல் பாதி கிழிந்த ஸ்டிக்கர், ஏதோ பஸ்ஸில் ஓடிய பேட்டரி என்று தெரிகிறது. தேதி நாங்கள் வண்டி கட்டியதற்கு ஐந்து வருடம் முன்னால். ஓடி உழைத்து ஓய்ந்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

சூடு ஏறினால் வண்டியை நிறுத்துவதற்காக எட்டு சென்சார் வைத்திருந்தேன். மூன்றுதான் உயிரோடு இருக்கின்றன. மற்ற ஐந்தின் வயரையும் வெட்டி, முனையில் சின்ன ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்திருக்கிறது. அதனால் பேட்டரி கொதித்தாலும் அந்த ஐந்தும் இருபத்தெட்டு டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சுத்தமான வேலை. அவசரத்தில் செய்ததில்லை.

பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ செய்திருக்கிறார்கள். கம்பெனியில் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. புளிக்குழம்பு வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

பதினொரு மணிக்குப் பழைய சாமான்காரர் ஒருவர் மினி வேனோடு வந்து நின்றார். பழைய பேட்டரிப் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லி உங்கள் வீட்டு சார் போன் செய்தாராம், நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாராம். இன்னும் வேலை முடியவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

என் சிரமத்தைக் குறைக்கத்தான் ஏற்பாடு செய்திருப்பார்.

ஜூன் 14, சனி

இருபத்துநாலு செல்லையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மணல் தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை ஸ்டிக்கரில் கையால் எழுதிய எண். அடுக்கும் வரிசை மாறாமல் இருக்க எழுதியிருக்கிறது. 1, 2, 3. 4 மேலே மூடாத 4. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. பதினேழுக்கும் அப்படித்தான்.

ஏழு என்ற எண்ணை இப்படி எழுதுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். சமையலறைக் காலண்டரில் காஸ் பதிந்த தேதியையும் அதன் எண்ணையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த எண்ணில் மூன்று ஏழு இருக்கிறது. பார்த்தேன். அரிசியைக் களைந்தேன். மறுபடியும் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவர் முடி வெட்டப் போயிருந்தபோது பரணிலிருந்து என் பழைய சோதனை நோட்டுகளை இறக்கினேன். தாள்களைக் கம்பெனியில் கொடுத்துவிட்டேன், ஆனால் முதலில் எழுதுவது என் நோட்டில்தான். விசாரணையின்போது இவற்றைத் தேடினேன். வெள்ளையடிக்கும்போது போய்விட்டது என்று அவர் சொன்னார். இருந்தது. அவருடைய அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில், பாலிதீன் பையில் சுற்றி.

ஏன் எரித்துவிடவில்லை என்று தெரியவில்லை.

2018 பிப்ரவரி, மார்ச். பதினொன்று முதல் பதினாறு வரை ஆறு வண்டி. ஒவ்வொன்றுக்கும் இருபத்துநாலு செல், ஒவ்வொரு செல்லுக்கும் எடை, அளவு. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு கட்டம்கூட விடவில்லை. நான் சோதித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைந்துகொண்டு எல்லாவற்றையும் சோதித்திருக்கிறேன்.

ஆறு பட்டியலையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினோராவது செல் மட்டும் மற்றவற்றைவிட ஒன்பது கிராம் கூடுதல், ஆறு வண்டியிலும். மூன்றாவது செல் நாலு கிராம் குறைவு, ஆறு வண்டியிலும். ஒரே இருபத்துநாலு செல்லை வண்டி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஆறு தடவை என் மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் நல்லது என்று எழுதி, மூடிக் கோடு இழுத்து அனுப்பியதும் பெட்டியைத் திறந்து அதை எடுத்துவிட்டு வண்டிக்குள் பஸ் செல்லைப் போட்டிருக்கிறார்கள். இது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். என் தப்பு என்றால் அது ஒன்றுதான்.

என் மேசைக்குச் செல் அனுப்புவது உற்பத்திப் பொறுப்பாளர்.

அவர் வந்து, வெட்டினது நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நோட்டுகளைத் துணி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வருகிறது. அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

புது செல் வந்தது. எடை போட்டேன். இருபத்துநாலும் இருபத்துநாலு விதமான எடை. இரண்டிரண்டு தடவை போட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ரத்தினசாமியைப் பார்க்கப் போனேன். இப்போதாவது போக முடிகிறதே என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். உங்கள் கையை வேகவைத்தது என் கவனக்குறைவு இல்லை என்று அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

பொள்ளாச்சி ரோட்டில் லாரி எடை மேடை ஒன்றில் வேலை பார்க்கிறார். சின்ன அறை, ஜன்னல். உள்ளே உட்கார்ந்து இடது கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வலது கையில் முழங்கை வரை துணி உறை. என் பெயரைச் சொன்னேன். எழுந்து நின்று, இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"கனகராஜ் சார் வீட்டம்மாங்களா. வாங்க. இப்பவாச்சும் வந்தீங்களே."

என் கணவரை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. சார்தான் வருவாரே, முதலில் வந்து நாலு வருடம் ஆகிறது, பிறகு நோம்பி நொடி, பண்டிகைக்கு வருவார், இந்த வேலையும் சார் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான் என்றார். முதல் தடவை வந்தபோது இந்தத் திண்டின்மேல் உட்கார்ந்து அழுதாராம். செல்லை மாற்றினது நான்தான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றாராம்.

"நான் என்ன பண்றதுங்க. போன வெரலு வரப் போகுதா. சரி விடுங்க சார்னுட்டேன். மனசாரத்தான் சொன்னேன்."

லாரி ஒன்று வந்து மேடை ஏறியது. எடையைக் குறித்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"உங்க மேலதானுங்க எனக்குக் கொஞ்சம் வருத்தம். ரெண்டு பேரும் பேசி வெச்சு சாரை மட்டும் அனுப்பிவெச்சீங்களாக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு பொம்பள வந்து ஒரு வார்த்த கேக்கலியேன்னு."

எனக்கு இப்போதுதான், இரண்டு நாளாகத்தான் தெரியும் என்று சொன்னேன். அவர் துணி உறையை மணிக்கட்டுப் பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

நாலு வருடமாக என் வீட்டுக்காரரால் இவரிடம் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கிறது. மன்னிப்பும் வாங்கிவிட்டார். என்னிடம் வந்ததும், நீ களைச்சிருந்தே கோதை. போன தீபாவளிக்குக்கூடச் சொன்னார்.

ஜூன் 18, புதன்

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் நோட்டுகளையும், ஏழு என்று எழுதிய அந்த ஒரு செல்லையும் வைத்திருந்தேன். இட்லியும் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது, எட்டு மணிக்கு இட்லி வைத்துப் பழக்கம்.

அவர் மறுக்கவில்லை. உட்கார்ந்தார். மார்ச் முடிவதற்குள் ஆறு வண்டியும் வெளியே போக வேண்டும் என்று மேலே நெருக்கினார்கள், புது செல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக வரவழைத்து மாற்றிவிடலாம் என்றிருந்தேன், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றார். எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார். ஏழு வருடமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"மேல இருந்தவங்க உக்காந்து சென்சார் வயரை வெட்டினாங்களா?" என்று கேட்டேன்.

இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"என் பேர்ல போனா ஜெயில், கோதை. உன் பேர்ல போனா கவனக்குறைவு, வேலையோட போயிரும். ஒருத்தராவது நிக்கணும்னு நெனச்சேன். குடும்பத்துக்காகத்தான் பண்ணினேன்."

"அதை எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஜெயிலுக்குப் போவதைவிட என் பெயர் கெடட்டும் என்று அந்த நாளில் நிச்சயம் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்காமல் எடுத்துக்கொண்டது என் பெயரை மட்டும் அல்ல. நான் நேரில் பார்த்ததை, என் கையால் செய்ததை, நடக்கவே இல்லை என்று என்னையே நம்ப வைத்தாரே, அதற்கு எந்தக் குடும்பத்துக் கணக்கும் இடம் தராது.

நீங்கள் ரத்தினசாமியிடம் போனது தெரியும் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போய்விட்டேன். பெட்டியின் உட்புறத்தைத் தேய்த்துத் துரு எடுத்தேன். கை வலிக்கும் வரை தேய்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் விழித்ததும் ஒரு விஷயம் தோன்றித் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வண்டி. பன்னிரண்டு எரிந்துவிட்டது. பதினாலு என்னிடம் இருக்கிறது. மற்ற நாலு?

அவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேடவில்லையா என்றேன். எல்லாம் இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்றார்.

பழைய விற்பனை ஆள் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் மூன்று பேரைப் பிடித்து, சாயங்காலம் வரை போன்தான். பதினொன்றும் பதின்மூன்றும் உடைத்தாகிவிட்டது. பதினைந்தில் இரண்டு வருடம் முன்பே பேட்டரி மாற்றிவிட்டார்கள். பதினாறு உடுமலைப்பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருகிறது. வண்டியோடு வந்த பேட்டரிதான், மாற்றியதே இல்லை, ராசியான வண்டி என்றார்கள் போனில்.

ஜூன் 20, வெள்ளி

உடுமலை. இல்லத்தின் வலதுபக்கத் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டிருந்தார்கள். அதற்கு நேர்மேலே முதல் மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறைகள். ஒன்பது கட்டில் என்றாள் வேலைக்காரப் பெண்.

நிர்வாகி ஞானசேகர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள், வெட்டவெளிக்குத் தள்ளிவிடுங்கள், நானே வேறு பேட்டரி கட்டித் தருகிறேன் என்றேன். அவர் கைபேசியில் எதையோ தேடினார். பழைய செய்தி. அதில் என் பெயர்.

"தப்பு பண்ணினவங்கன்னு உங்க பேர்தாம்மா போட்டிருக்குது. இப்ப வந்து நீங்களே பேட்டரி மாத்தித் தர்றேங்கிறீங்க. நான் எதை நம்பறது? இதே வண்டி எட்டாவது வருசமா ஓடுது."

நோட்டைக் காட்டினேன். இது நீங்களே எழுதியதுதானே என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள், இரண்டு நாள் சார்ஜ் போடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று முழுவதும் அவர் அறையை விட்டு வரவில்லை. இன்று காலை ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்து, எழுதிக் கொடுங்கள் என்றேன். ஒன்பது பேர் படுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல தமிழ். "தவிர்க்க முடியாத சூழ்நிலையில் மேற்படி வண்டிகளில் செல்கள் மாற்றப்பட்டன. இதில் தவறு நேர்ந்துவிட்டதற்கு மிகவும் வருந்துகிறேன்." திரும்பத் திரும்பப் படித்தேன். செல்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, தவறு நேர்ந்திருக்கிறது, வயர்கள் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தாளில் ஆளே இல்லை.

"யார் மாத்தினது?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது தாளில் "எங்கள் தரப்பில்" என்று எழுதியிருந்தார். எங்கள் என்றால் அதில் நானும் இருக்கிறேன். திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது தாளுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. நான் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, அடுப்பைத் துடைத்து முடித்திருந்தேன். ஐந்து வரிதான். "செல்களை நான் மாற்றினேன். சென்சார் வயர்களை நான் வெட்டினேன். பூங்கோதைக்கு இது தெரியாது. அவர் தன் சோதனையைச் சரியாகச் செய்தார். நான் சொன்னது பொய்." கீழே முழுப் பெயர், தேதி.

கடைசி வரியில் எந்தப் பொய் என்று எழுதவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை எழுதியதால் நீ போய்விடுவாயா என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஞானசேகர் தாளை இரண்டு தடவை படித்தார். எழுதியவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் ஆட்களைக் கூப்பிட்டார். வண்டியைத் தாழ்வாரத்திலிருந்து மைதானத்துக்குத் தள்ளினார்கள்.

சனிக்கிழமை சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பேக்கைத் திறந்தபோது நாலு செல் உப்பியிருந்தது. இரண்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு உருகிக் கருத்திருந்தது. மைதானத்து மணலில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது ஞானசேகர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு சொல்லை யாராவது என்னிடம் சொல்லிப் பல வருடமாகிவிட்டது. ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பதினாலாம் வண்டி ஓடியது. இருபத்துநாலு புது செல், எட்டு சென்சார், எட்டும் உயிரோடு. சாவியைத் திருப்பியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. செட்டிபாளையம் வரை ஓட்டிப் போனேன். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. திரும்பி வந்து சூடு பார்த்தேன், முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று.

செல்லமுத்து வந்து எடுத்துப் போனார். போகும்போது பிரேக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்றார். பழகிவிடும் என்றேன்.

உடுமலை வண்டிக்கு அடுத்த வாரம் செல் வரும்.

ஜூன் 30, திங்கள்

ஒரு வாரமாக நான் முன்னறையில் படுக்கிறேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்குப் பேசிக்கொள்கிறோம்.

இன்று காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டாராம். அந்தத் தாளின் நகலோடு பொள்ளாச்சி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன் என்றார். நான் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கூட வர்றியா கோதை?"

2018 மே மாதம், கம்பெனி விசாரணைக்கு நான் தனியாகத்தான் போனேன். தனக்கு அன்று காய்ச்சல் என்றார். போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் வரை வந்து என் தலையைத் தடவிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை, பட்டறையில் வேலை இருக்கிறது என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கும்போது வாசல் வரை போனேன்.

"பயப்படாதீங்க" என்றேன். "உண்மையைச் சொன்னாப் போதும். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அன்று தான் சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. கேட்டைத் திறந்து, மூடாமலே போனார்.